கோமளத்தின் குகையில் குரல் ஏன் விட்டு விட்டு வந்தது

ஒரு காட்டில், வைஃபை வரும் அளவுக்கு நாகரிகமும் வந்த வைஃபை நிற்காத அளவுக்கு மரங்களும் இருந்த காட்டில், கோமளம் என்றொரு யானை வசித்து வந்தாள். அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளைக் குட்டியாக இருக்கும்போது பார்த்தவர்கள். இப்போது அவள் தன் குகைக்குள் நுழைந்தால் வேறு எதற்கும் அங்கே இடமிருக்காது.

அவளுக்கு ஒரே மகன், தண்டபாணி. காட்டுக்குத் தெற்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கோயில் யானையாக வேலை கிடைத்துப் போய் எட்டு வருஷமாகிறது. வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பாகன் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் தண்டபாணி அம்மாவைக் கூப்பிடுவான். யானைக் காதுக்குப் போன் எந்த மூலைக்கு? அதனால் முதல் வருஷமே அவன் ஒரு ஜோடி வயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கி அனுப்பியிருந்தான். போன் குகை வாசலில் ஒரு மாடத்தில் இருக்கும், ஸ்பீக்கர்கள் உள்ளே கோடியில் இருக்கும். மகன் குரல் வாசலிலிருந்து காற்றிலேயே உள்ளே போய்ச் சேரும். கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. கோமளம் கைவிடவில்லை.

வழக்கமாக அவள் வாசலில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை கேட்பாள். ஒரு வெள்ளிக்கிழமை தண்டபாணி, "அம்மா, என் வலது கால்ல..." என்று ஆரம்பித்தான். கோமளம் உள்ளே ஓடி ஸ்பீக்கரில் காதை ஒட்ட வைத்தாள். அந்த நொடியில் குரல் வெட்டியது. "கால்... இல்லேன்னா... வேலை..." என்று துண்டு துண்டாக வருவதற்குள் பாகன் டீயை முடித்துவிட்டார்.

அடுத்த வெள்ளி முதலிலிருந்தே ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றாள். இன்னும் மோசமாக வெட்டியது. எழுதி அனுப்பச் சொல்லலாமே என்பீர்கள். பாகனின் முந்தைய போனில் தண்டபாணி ஒரே ஒரு முறை எழுதிப் பார்த்தான், அந்தப் போன் இப்போது இல்லை.

பிள்ளையின் காலுக்கு என்னவென்று தெரியாமல் கோமளத்துக்குத் தழை இறங்கவில்லை. சேவை மையத்தைக் கூப்பிட்டாள். அங்கே இருந்த மைனா, ஸ்பீக்கரை அணைத்து முப்பது விநாடி கழித்துப் போடச் சொன்னது. போட்டாள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைக்கச் சொன்னது. வைத்தாள். அக்கம்பக்கத்தில் மைக்ரோவேவ் அடுப்பு உண்டா என்று கேட்டது. இந்தக் காட்டில் எல்லாரும் பச்சையாகத்தான் தின்கிறோம் என்றாள். அந்தப் பதில் தன் தாளில் இல்லை என்று சொல்லி, மைனா மெக்கானிக்கை அனுப்பி வைத்தது.

மெக்கானிக் ஒரு கொக்கு. இருவருக்கும் குகைக்குள் இடம் போதாது என்று கோமளம் மரியாதையாக வெளியே நின்றுகொண்டாள். கொக்கு போனில் ஒரு பாட்டைப் போட்டது. ஸ்பீக்கர் பிசிறில்லாமல் பாடியது. 'சரியாகிவிட்டது' என்று எழுதிக்கொண்டு, மறக்காமல் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லிவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை குரல் மறுபடி வெட்டியது. கொக்கு மறுபடி வந்தது, ஸ்பீக்கர் மறுபடி பாடியது. எந்த வீட்டில் எந்த மெக்கானிக் வந்தாலும் நடப்பதுதான் இது, யானை வீடு மட்டும் விதிவிலக்கா?

ஆனால் இந்தக் கொக்கு கொஞ்சம் நேர்மையான கொக்கு. மூன்றாம் முறை வந்தபோது அது வெளியே நின்றுகொண்டு கோமளத்தை உள்ளே போகச் சொன்னது. பாட்டு வெட்டியது. வெளியே வரச் சொன்னது. பாட்டு தெளிந்தது. கொக்கு வெகுநேரம் ஒற்றைக் காலில் நின்று, எப்படிச் சொல்வதென்று யோசித்தது.

"அம்மா, ஸ்பீக்கர்ல ஒண்ணுமில்ல. நீங்கதான் நடுவுல நிக்கிறீங்க. உடம்புல இருக்கிற தண்ணி சிக்னலை முழுங்கிடுது. பழைய மாடல், சுத்தி வளைச்சுப் போகத் தெரியாது. தம்பி பேசுறப்ப நீங்க வாசல்லயே நின்னா போதும்."

கோமளத்தின் காதுகள் அசையாமல் நின்றன. "என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவுல நான் நிக்கிறேனா?" என்று கேட்டாள்.

கொக்கு ஆமாம் என்றது. அதன் அறிவு அவ்வளவுதான். வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றித் தரக்குறைவாகப் பேசியதாக அன்றே புகார் போனது. கொக்கை ஏரி வற்றிப்போன ஒரு கிளைக்கு மாற்றினார்கள்.

அடுத்து கோமளம் ஓணானிடம் போனாள். ஓணான்தான் அந்தக் காட்டின் தொழில்நுட்ப ஆலோசகர். எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும் என்பதால் எல்லாருக்கும் அதன் அறிவில் திருப்தி இருந்தது. சுவரில் கோளாறா என்று கேட்டாள். ஓணான் தலையை ஆட்டியது. மழை ஈரமா என்றாள். ஆட்டியது. பக்கத்து வளை சடகோபனின் முட்களா என்றாள். அதற்கும் ஆட்டியது. கோமளம் கேள்வியை அதோடு நிறுத்திக்கொண்டாள்.

சடகோபன் முள்ளம்பன்றி. உடம்பு முழுக்க ஆன்டெனா மாதிரி நிற்கிறதே, சிக்னல் வேறு எங்கே போகும் என்று கோமளம் காட்டுப் பஞ்சாயத்தில் கேட்டாள். தன் முட்கள் சிக்னலை இழுக்கவில்லை என்று முள் இல்லாத இரண்டு பேரிடம் சான்றிதழ் வாங்கி, வியாழக்கிழமைக்குள் தாக்கல் செய்யும்படி சடகோபனுக்கு உத்தரவானது. யானையைப் பகைத்துக்கொண்டு கையெழுத்துப் போட யாருக்குப் பைத்தியம்? வெள்ளிக்கிழமை காட்டை விட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

அவன் நிஜமாகவே போகிறானா என்று பார்க்கக் கோமளம் வாசலில் வந்து நின்றாள். சடகோபன் போகிற போக்கில் நின்றான். "யக்கா, சத்தம் நல்லா வந்தா யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க. நானும் சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தம்பி காலுக்கு என்னன்னு தெரியாமப் போறேன்" என்றான். கோமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் வடக்கு எல்லையைத் தாண்டிய சமயம் மணி நாலு. போன் அடித்தது. வாசலில் நின்றவளுக்கு உள்ளேயிருந்து மகன் குரல் ஒரு எழுத்து விடாமல் வந்தது. பார்த்தீர்களா, அவன் தொலைந்ததும் தெளிந்துவிட்டது என்று காட்டுக்கே கேட்கும்படி பிளிறினாள். பிறகுதான் மகன் சொல்வதைக் கேட்டாள்.

"அம்மா, எத்தனை வாரமா சொல்றேன். வலது கால்ல முள்ளு ஏறிச் சீழ் வச்சிருக்கு. இவங்க தோண்டத் தோண்ட உள்ள போவுது. நம்ம சடகோபன் மாமாவை அனுப்பும்மா. முள்ளு அவர் கைக்குத்தான் வரும். அடுத்த வெள்ளி ஊர்வலம். நொண்டுனா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

பாகன் வந்துவிட்டார். கோமளம் வடக்கு எல்லைக்கு ஓடினாள். தெற்கே மகன் இருக்கும் ஊருக்குப் போக வேண்டுமானால் காட்டைக் கடந்துதான் போக வேண்டும், வெளியேற்றப்பட்டவன் காட்டில் கால் வைக்கக் கூடாது. பஞ்சாயத்தில் அழுதாள். அவர்களும் நல்லவர்கள்தான், உடனே ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் இருந்தது ஒரே கட்டம்: தடங்கலுக்கு உண்மையான காரணம். சரியாக நிரப்பினால் அன்றே அனுமதி.

கோமளம் வீட்டுக்கு வந்து போனில் ஒரு பாட்டைப் போட்டாள். உள்ளே போய்ப் பார்த்தாள், வெளியே வந்து பார்த்தாள். மூன்று முறை பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது ஒரே ஒரு சொல். சனியும் ஞாயிறும் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்படி எழுதினால் ஊர் என்ன பேசும் என்று நினைத்தாள், பிள்ளையின் காலையும் நினைத்தாள். திங்கட்கிழமை, 'ஸ்பீக்கர் பழசு' என்று எழுதிக் கொடுத்தாள்.

ஸ்பீக்கர் பழசுதானா என்று மெக்கானிக் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றது பஞ்சாயத்து. புது மெக்கானிக் வர நாற்பத்தைந்து நாள் ஆகும் என்றது மைனா.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் போன் அடித்தது. கோமளம் வாசலில் நின்றிருந்தாள்.

"அம்மா, ஆறு மணிக்கு ஊர்வலம். மாமா கிளம்பிட்டாரா?"

அவ்வளவு தெளிவாக அந்த ஸ்பீக்கர் புதிதில்கூடப் பேசியதில்லை. கோமளம் மெதுவாக உள்ளே போய், போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் குகையை அடைத்துக்கொண்டு நின்றாள். குரல் வெட்ட ஆரம்பித்தது. பாகன் டீ குடித்து முடிக்கும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.

நீதி: பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், பழி போட ஒருவர், முள் எடுக்க ஒருவர். ஒருவர்தான் வாய்த்தார் என்றால் பழைய ஸ்பீக்கரை மாற்றிவிட வேண்டாம்.