பிணம் இல்லாத வழக்கு

இந்த மாதத்து உறையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டியும் எடை ஆய்வாளருக்குப் பிணம் கிடைக்கவில்லை.

வழக்கமாக ஒரு பிணமாவது இருக்கும். மாதம் ஒரு துப்பறியும் வழக்கைத் தபாலில் அனுப்பும் கம்பெனிக்கு அவர் சந்தாதாரர். சாட்சிகளின் வாக்குமூலம், கறை படிந்த துணித்துண்டு என்று உறை கனமாக வரும். பகலெல்லாம் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பவர், சாயங்காலம் கொலையாளிகளைப் பிடிப்பார். அடுத்த உறையில் வரும் விடைத்தாளில் கொலையாளி வேறு யாராகவோ இருப்பார். அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைப் பிரிப்பார்.

இந்த முறை வந்தவை இரண்டு பேருந்துச் சீட்டுகள், ஒரு வெள்ளைப் பொத்தான், மடித்த காகிதம் ஒன்று. காகிதத்தில், ‘இன்னும் எத்தனை நாள் மறைப்பது? அப்பாவுக்குத் தெரிந்தால் நம் கதை முடிந்தது. வழக்கம்போல மருந்துக்கடையை மூடிவிட்டு வருகிறேன்’ என்று எழுதியிருந்தது.

அப்பாவைத் தீர்த்துக்கட்ட ரகசியத் திட்டம் என்று அவர் முடிவுகட்டினார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி, எந்த அப்பாவையாம் என்று கேட்டாள்.

“அதான் தெரியலை. பாவம், அந்த ஆள் ஒண்ணும் தெரியாம எங்கேயோ உட்கார்ந்திருப்பான்.”

மகளிடம் காகிதத்தைக் காட்டி யோசனை கேட்டார். அவள் முகம் வெளிறிப்போய், தலைவலி என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவருக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

பொறுக்கமாட்டாமல் மறுநாள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார். மருந்துக்கடை எப்படி இயங்கும் என்று சும்மா பார்க்கத்தான் போனார். ஆனால் அவரைக் கண்டதும் இளம் மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த புட்டியை நழுவவிட்டார். அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு. ஆய்வாளர் சட்டைப்பையிலிருந்து வெள்ளைப் பொத்தானை எடுத்துக் கண்ணாடிமேசைமேல் வைத்தார்.

“நீதானே?”

“நான்தான் சார். மன்னிச்சிடுங்க.”

ஆய்வாளர் திகைத்துப்போனார். அவர் பிடித்த எந்தக் கொலையாளியும் இதுவரை குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை. பிறகுதான் பொறிதட்டியது. கம்பெனி ஆள்வைத்து நடிக்க வைத்திருக்கிறது. கட்டிய சந்தாவுக்கு இது அதிகம்தான்.

“கூட்டாளி உண்டா?” என்றார் மிடுக்காக.

“அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க சார். தப்பெல்லாம் என்மேலதான்.”

“சரி, அப்பாவை என்ன பண்றதா உத்தேசம்?”

“கடைசிவரைக்கும் எங்க கூடவே வெச்சுப் பார்த்துக்கலாம்னு இருக்கோம் சார்.”

அது எந்த வகைக் கொலை என்று ஆய்வாளருக்கு விளங்கவில்லை. ஆனாலும் விட மனமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை சம்பந்தப்பட்ட எல்லாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து முழுக்கதையையும் சொல்லும்படி கட்டளையிட்டார். கடைக்காரர் கண்கலங்கிவிட்டார். நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று மெச்சிக்கொண்டே ஆய்வாளர் வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் தன் அப்பா, அம்மா, அக்காவோடு வந்து இறங்கினார். நாலு பேருக்கு எங்கே இடம் என்று ஆய்வாளர் தடுமாறினால், பக்கத்து வீட்டு நாற்காலிகள் ஏற்கெனவே கூடத்தில் வரிசையாக நின்றன. மகள் நல்ல உடையில் தலைகுனிந்து நின்றாள். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த அறையில் இருப்பவர்களில் ஒருவர்தான் என்று ஆரம்பித்தார்.

கடைக்காரரின் அப்பா எழுந்து அவர் கைகளைப் பற்றிக்கொண்டார். எடையில் குண்டுமணி குறைந்தாலும் விடாத மனிதர் என்று கேள்விப்பட்டுப் பயந்திருந்ததாகவும், அவரே கூப்பிட்டு அனுப்பியது தங்கள் பாக்கியம் என்றும் சொன்னார்.

“உங்களுக்குப் பரிபூர்ண சம்மதம்தானே?”

விடையைச் சொல்லிவிடலாமா என்று கேட்கிறார் போலும்.

“சம்மதம்தான். முடிச்சிடுவோம்.”

கடைக்காரரின் அம்மாவும் அக்காவும் மகளைக் கட்டிக்கொண்டார்கள். ஆய்வாளர் மனைவியின் காதருகே குனிந்து, கொலை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

“என்ன கொலை? உங்க பொண்ணுக்குக் கல்யாணம். இப்பதானே நாலு பேர் முன்னாடி வாக்குக் குடுத்தீங்க.”

அவர் தொப்பென்று உட்கார்ந்தார். மகளுக்கு வந்த வரன்களையெல்லாம் தராசில் நிறுத்துப் பார்த்து, ஆளுக்கொரு குறை சொல்லித் தள்ளியவர் அவர். வாக்கைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று அவருக்கு நினைவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

கோபத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டுமே. திங்கட்கிழமை காலை கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதினார். குடும்பப் பெண்ணின் சொந்தக் கடிதம் தங்கள் கைக்கு எப்படிக் கிடைத்தது, அதை வழக்காக்கி அவள் தகப்பனுக்கே அனுப்ப என்ன துணிச்சல் என்று வெளுத்து வாங்கி, உறையிலிட்டு ஒட்டி, வாசலுக்கு வந்த தபால்காரரிடம் நீட்டினார்.

தபால்காரர் முகவரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இந்தக் கம்பெனியை மூடி ஒரு வருஷத்துக்கு மேலாச்சு சார். மாசாமாசம் அந்த உறையை உங்க பேருக்குப் போடறது உங்க வீட்டம்மாதான், அவங்ககிட்டயே நேர்ல குடுத்துடுங்க.”