மூன்று ஊர்களின் ஒரே கார்

மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விடுவதற்காக ஒருவர் கார் வாங்குவதை எந்தச் சட்டமும் குற்றம் என்று சொல்லவில்லை. அப்துல் லத்தீப்பும் அப்படித்தான் நம்பினார். சவூதியின் தம்மாமில் ஏசி மெக்கானிக்காகப் பாதி ஆயுளை ஓட்டிவிட்டு வந்தவர், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தம் சிற்றூரில் ஒரு வெள்ளை மின்சாரக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மனைவி மெஹரூன்னிசாவுக்குக் காலாப்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றோடு வாசலில் காத்திருப்பார்கள். எட்டு மணிக்கு அவள்தான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். தாமதமானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக முதலாளி சொல்லியிருந்தார். ஏழு மணி பஸ் கிடைத்தால் வேலை இருக்கும், தவறினால் போய்விடும் என்ற நிலைமை.

"இனிமே நீ பஸ்ல நசுங்க வேணாம் மெஹர்" என்றார் லத்தீப். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகவே காரை வாங்கியதுபோல் அவருக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

மின்சாரக் காரோடு குடும்பம் நடத்துவது தனிக் கலை. படுக்கையறை ஜன்னல் வழியாக வயர் போகும். கார் சார்ஜ் ஏறும்போது ஏசி போட்டால் ஃபியூஸ் போய்விடும். ஆகவே ஊருக்கெல்லாம் ஏசி மாட்டியவர் தம் வீட்டில் வியர்த்துக் கிடந்தார், கார் சுகமாக நின்றது. உப்புக்காற்றுக்குப் பயந்து, சார்ஜ் போடும் துவாரத்தைக் குழந்தையின் காதைத் துடைப்பதுபோல் தினமும் துடைத்தார். வண்டிக்குச் சத்தம் கிடையாது என்பதால் சாலையில் படுத்திருக்கும் ஆடுகள் அதை மதிக்கவில்லை. லத்தீப்பே தலையை வெளியே நீட்டிக் கத்தி வழி வாங்கினார்.

"ஏன் பாய், மழை பெஞ்சா ஷாக் அடிக்காதா?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"மழையில ரயிலு ஓடலையா? அதுவும் கரெண்டுதான்" என்றார் லத்தீப். அன்று முழுதும் அந்தப் பதிலின் பெருமையில் இருந்தார்.

இந்த நிம்மதி அரசாங்கத்தின் கண்ணில் பட்டது. பசுமைப் போக்குவரத்து மேம்பாட்டு இயக்கம் என்று ஒன்று புதிதாகப் புறப்பட்டிருந்தது. மின்சாரக் கார் ஓடும் ஒவ்வொரு ஊருக்கும் 'பசுமைக் கிராமம்' என்ற கேடயமும் ஓர் உயர்கோபுர விளக்கும் உண்டு. லத்தீப்பின் ஊர், எக்கியார்குப்பம், கீழ்புத்துப்பட்டு ஆகிய மூன்று ஊர்களிலும் அந்த மாதத்துக்குள் மின்சாரக் கார் ஓடியாக வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. இருப்பது ஒரு கார் என்பது மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படவில்லை. கொண்டுசெல்ல வேண்டியவர் ஊராட்சி எழுத்தர் தமிழ்வேந்தன். அவருக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

"பாய், நீங்கதான் இந்தக் கடற்கரைக்கே முன்மாதிரிப் பயனாளி" என்றார் தமிழ்வேந்தன். "ஆய்வு அதிகாரி ஜீப்ல வர்றாரு. அவரு டீ குடிக்கிற நேரத்துல நீங்க அடுத்த ஊருக்குப் போயிடணும். அவ்ளோதான்."

"பொய் சொல்றதா ஆயிடாதா?"

"யாரு வாயத் தொறக்கச் சொன்னாங்க? காரு நிக்கும். பாக்குறவங்க பாத்துக்குவாங்க. போட்டோ பேப்பர்ல வரும் பாய்."

போட்டோ என்றதும் லத்தீப் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து மெஹரூன்னிசா கேட்டாள்: "அன்னிக்கு என்னை யாரு கொண்டுபோய் விடுறது?"

"ஒரு நாளு பஸ்ல போயேன்" என்றார், இனி நசுங்க வேண்டாம் என்று சொன்ன அதே லத்தீப்.

ஆய்வு நாளில் அந்த இயக்கத்தின் துணை இயக்குநர் சகாயராஜ் டீசல் புகை கக்கும் ஜீப்பில் வந்து இறங்கினார். காரைச் சுற்றி வந்தார், லத்தீப்பின் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் இறால் வடையில் கை வைத்ததும், லத்தீப் காரை எடுத்துக்கொண்டு எக்கியார்குப்பத்துக்குப் பறந்தார். அங்கே மீனவர் அந்தோணிசாமி காரின் உரிமையாளராகப் பொறுப்பேற்றுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தார். லத்தீப் வலைக் குவியலுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார்.

சகாயராஜ் வந்து சேர்ந்தார். "எவ்வளவு தூரம் ஓடும்?"

"காத்து தோதா இருந்தா நல்லா போகும் சார்" என்றார் அந்தோணிசாமி. அவருக்குத் தெரிந்த வண்டி படகு ஒன்றுதான்.

"பராமரிப்பு?"

"கரைக்கு வந்ததும் தண்ணிய எறச்சு ஊத்திடுவோம்."

"பாரம்பரிய அறிவோடு நவீனத் தொழில்நுட்பம்!" என்று சகாயராஜ் நெகிழ்ந்துபோய், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரைப் போட்டோ எடுக்கச் சொன்னார்.

எல்லாம் திட்டப்படி நடந்திருக்கும். ஆனால் கடற்கரை மணலில் ஜீப் மக்கர் செய்தது. எவ்வளவு தள்ளியும் கிளம்பவில்லை. "அதனால என்ன, உங்க ஊரு கார்லயே கீழ்புத்துப்பட்டு போவோம்" என்று சொல்லி சகாயராஜ் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்தோணிசாமிக்குக் கார் ஓட்டத் தெரியாது. வேறு வழியின்றி வலைக் குவியலிலிருந்து லத்தீப் எழுந்து வந்தார்.

"இவரைப் போன ஊர்லயே பாத்தேனே?" என்றார் சகாயராஜ்.

"அது இவரு அண்ணன் சார்" என்றார் கூடவே வந்திருந்த தமிழ்வேந்தன்.

"அச்சு அசலா அப்படியே இருக்காரே!"

"காருங்க கூட ஒரே ஜாடைதான் சார்."

கீழ்புத்துப்பட்டில் வார்டு உறுப்பினர் ஐயப்பன் மாலையோடு நின்றிருந்தார். சகாயராஜ் இறங்கினார். "எங்கே உங்க ஊரு மின்சாரக் கார்?"

ஐயப்பன் தமிழ்வேந்தனைப் பார்த்தார். தமிழ்வேந்தன் வானத்தைப் பார்த்தார். "இப்ப எறங்குனீங்களே சார், அதுதான்" என்றார் ஐயப்பன். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

சகாயராஜ் காரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கேடயத்தைப் பார்த்தார். அவருக்கும் மேலே ஓர் இயக்குநர் இருந்தார், அந்த இயக்குநருக்கும் மூன்று ஊர் கணக்கு வேண்டியிருந்தது.

"ஆய்வு அதிகாரியை எதிர்கொண்டு அழைக்க ஊர் எல்லையைத் தாண்டி வந்த கார்! இந்தப் பண்பாடு பாராட்டுக்குரியது" என்று கைகுலுக்கினார். மூன்று ஊர்க்காரர்களும் தமிழ்வேந்தனும் காரோடு நின்று சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதிலும் லத்தீப் நடுவில் நின்றார்.

அதற்குப் பிறகு கார் லத்தீப்பின் காராக இல்லை. முன்மாதிரிக் காரைப் பார்க்கத் தினமும் காலையில் யாராவது வந்தார்கள். லத்தீப் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு காரின் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார். மெஹரூன்னிசா ஏழு மணி பஸ்ஸிலேயே போய்வந்தாள்.

பிறகு ஒரு நாள் பஸ் வரவில்லை. 'மேற்படி மூன்று கிராமங்களும் மின்சாரப் போக்குவரத்தில் தன்னிறைவு எய்திவிட்டபடியால், காலைப் பேருந்து தேவையுள்ள வேறு தடத்துக்கு மாற்றப்படுகிறது' என்று நிறுத்தத்தில் ஒட்டியிருந்தார்கள். அன்றும் காரைப் பார்க்க ஆள் வந்திருந்ததால் மெஹரூன்னிசா ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து பிந்திப் போனாள். இன்னும் ஒரு தடவை பிந்தினால் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பஸ்ஸைத் திரும்பக் கேட்க லத்தீப் பதறிக்கொண்டு சகாயராஜைப் பார்க்கப் போனார். "சார், மூணு ஊருக்கும் சேத்து ஒரே காருதான் சார். என் காருதான்."

"அப்போ அன்னிக்கு மூணு ஊர்லயும் நான் பாத்தது?"

"இதேதான் சார்."

"ஏங்க அன்னிக்கே சொல்லல?"

லத்தீப் யோசித்தார். "போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க சார்" என்றார்.

"இப்போ சொன்னா நான் பொய் அறிக்கை குடுத்தேன்னு ஆயிடும். நீங்களும் உடந்தை. பேசாம போய் காரை ஓட்டுங்க பாய்."

மறுநாள் விடிந்ததும் லத்தீப் வீட்டு வாசலில் மூன்று ஊரும் நின்றது. மீன் கூடையோடு அந்தோணிசாமியின் மனைவி சவரியம்மாள், கல்லூரிக்குப் போகும் ஜான்சி, கோர்ட்டுக்குப் போகவேண்டிய ஐயப்பன், பைக்கை ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்த தமிழ்வேந்தன். அந்தோணிசாமி முன்சீட்டிலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அந்தோணி, இது என் காருப்பா" என்றார் லத்தீப்.

"எங்க ஊரு காரு பாய். நான் ஸ்டியரிங் பிடிச்ச போட்டோ பேப்பர்லயே வந்திருக்குது."

மெஹரூன்னிசா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். மணியைப் பார்த்தாள். லத்தீப்பின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். கியர் இல்லாத வண்டி, அவர் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள்.

"போட்டோவுல நின்னவங்கெல்லாம் எறங்குங்க."

அந்தோணிசாமி இறங்கினார். ஐயப்பனும் தமிழ்வேந்தனும் ஏற வந்த காலைக் கீழே வைத்தார்கள். சவரியம்மாளும் ஜான்சியும் ஏறிக்கொண்டார்கள்.

"மெஹர், நான்?" என்றார் லத்தீப்.

"நீங்க ரெண்டு போட்டோவுல நின்னீங்க" என்றாள் அவள். "ஊரு ஊருக்குக் காரு இருக்குன்னு சர்க்காரே சொல்லிடுச்சு. ஏதாவது ஒண்ணுல வாங்க."

கார் சத்தமில்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிப் போய்விட்டது. நால்வரும் வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தமிழ்வேந்தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் பாய்" என்று கேட்டார், "கீழ்புத்துப்பட்டு காரு எத்தனை மணிக்கு இந்தப் பக்கம் வரும்?"