பெனிஷா கை நீட்டினால்

சேரப்பணஞ்சேரி,
வியாழக்கிழமை.

ஷேர் ஆட்டோ ஸ்டாண்டின் தலைவரும் என் மனைவி கிளாராவின் தம்பியுமாகிய திரு. ஜெபர்சன் அவர்களுக்கு, மச்சான் யேசுராஜ் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கு எல்லோரும் கை கால் முழுசாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் ஆட்டோவும் அவ்வாறே இருக்க ஜெபிக்கிறேன்.

எங்கள் கம்பெனிக்குள் பாதையைக் கடப்பதற்கு ஒரு முறை உண்டு. மஞ்சள் கோட்டில் நின்று, வலது பக்கமும் இடது பக்கமும் கையை நீட்டிக் காட்டி, "வலது ஓகே, இடது ஓகே" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்கூட நின்று வழிவிடும். வெளியே ஒரகடம் ரோட்டில் எவன் நிற்கிறான்? ஸ்கூலோ எதிர்ப்பக்கம். வேகத்தடை கேட்டோம், போட்டார்கள், லாரிகள் அதன்மேல் குதித்துக் குதித்து இன்னும் சந்தோஷமாகப் போகின்றன. ஆகவே ஐந்தாவது படிக்கும் என் மகள், உன் மருமகள் பெனிஷாவுக்கு இந்தக் கம்பெனி முறையை நானே சொல்லிக் கொடுத்தேன். தப்பா மச்சான்?

பிள்ளை கையை நீட்டினாள். "வலது ஓகே" என்று சொல்வதற்குள் உன் ஸ்டாண்டு ஆட்டோ ஒன்று கிறீச்சென்று வந்து நின்றது.

"சிங்கப்பெருமாள் கோவிலா? குந்து, குந்து!"

"இல்லண்ணா, எதிர்ல கீற ஸ்கூலுக்கு."

"அதுக்கு இன்னாத்துக்குக் கைய நீட்டினே?"

சவாரியைத் தட்டிப் பறிக்க இன்னொரு ஆட்டோ குறுக்கே பாய்ந்தது, அதன் பின்னால் கம்பெனி பஸ், அதன் பின்னால் கண்டெய்னர் லாரி, எல்லாம் அப்படியே நின்றுவிட்டன, ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது. இந்தக் கூத்துக்கு நடுவே பிள்ளை நிதானமாக நடந்து போய்விட்டாள். தினமும் இதே கதைதான். நேற்று உன் ஆள் ஒருத்தன் அவசரத்தில் அவள் பையை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு கிளம்பியே விட்டான். புத்தகமெல்லாம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டுச் சாயங்காலம் வந்து சேர்ந்தன. "பை ஊருக்குப் போயிருக்கு சிஸ்டர்" என்று இவள் சொல்ல, பொய் சொன்னதாக வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். என் மானமே போச்சு. இனிமேல் யூனிஃபார்ம் போட்ட பிள்ளை கை நீட்டினால் ஒருத்தனும் நிறுத்தக் கூடாது என்று ஸ்டாண்டில் கண்டிப்பாகச் சொல்லிவிடு.

வீட்டில் சின்னவர்களுக்கு என் முத்தங்கள். உன் பிரேக்குக்கு என் ஆசீர்வாதங்கள்.

இப்படிக்கு,
யேசுராஜ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதிவிடுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, உங்கள் ஸ்டாண்டில் யாருக்கோ கல்யாணமாம், ஒரு ஆட்டோவும் ஓடவில்லை. நைட் ஷிப்ட் முடித்து நான் இந்தப் பக்கம் டீக்கடையில் இறங்கும்போது பெனிஷா கை நீட்டியபடியே நிற்கிறாள். லாரி போகுது, பஸ் போகுது, கார் போகுது, ஒருத்தனும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேகம் குறைத்த ஒரே காரும் படப்பைக்கு வழி கேட்டுவிட்டுப் போனது. வலது கை வலித்து இடது கையை நீட்டினாள். ஸ்கூல் மணி அடித்ததும் ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்தாள் பார், எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப் போய் இழுத்துப் பிடித்தேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு மச்சான். திங்கட்கிழமை உன் ஆட்கள் வழக்கம்போல நிற்கட்டும், குந்து குந்து என்று கூப்பிடட்டும். அவள் ஏற மாட்டாள் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதே.