பொனற் இல்லாத கார் என்ன நிறம்?

பாத்திரம் துடைக்கிற துணியை வைத்து ஒரு வீட்டையே ஆண்ட மனிதர் என்றால், எனக்குத் தெரிந்து உலகத்தில் மஞ்சள்கொடியார் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கனடாவில், ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கம், ஒரு வீட்டின் நிலத்தடிப் பேஸ்மன்ரில் அவர், செல்வம், ரஞ்சன், நான் என்று நாலு பேர் வாடகைக்கு இருந்தோம். நாலு பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. சண்டைக்கு வேறென்ன வேண்டும்? குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், அடுப்படியிலிருந்து மஞ்சள் துணியை வீசிக்கொண்டு வந்துவிடுவார்.

"மஞ்சள் கொடி! மஞ்சள் கொடி! எல்லாரும் மெதுவா! ஒருத்தரும் முந்தக்கூடாது!"

கார்ப் பந்தயத்தில் விபத்து நடந்தால் மஞ்சள் கொடி காட்டுவார்கள். பாதையைத் துப்புரவாக்கும் வரை எல்லாக் கார்களும் வரிசை மாறாமல் ஊர வேண்டும். எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். கொடி காட்டிய பிறகும் கத்துகிறவருக்கு அன்றைக்குக் குழம்பு கிடையாது. சமைக்கிறவர் அவர் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

ஊரில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாத மனிதருக்கு இந்தப் பித்து ரீவியால் பிடித்தது. வேலை செய்ய அனுமதி வரும்வரை வீட்டில் அடைந்து கிடந்த மாதங்களில், அவருக்கு விளங்கிய ஒரே நிகழ்ச்சி ஸ்ரொக் கார் ரேஸ். தெருவில் போகிற கார் மாதிரியே இருக்கும். வட்டப் பாதையில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். "உதுக்கு இங்கிலீசு தேவையில்லைத் தம்பி. முன்னுக்கு வாறவன் வெண்டான். கதை முடிஞ்சுது" என்பார்.

பிறகு அவருக்கு ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே மேற்பார்வையாளர் ஒருநாள் நாலு ரிக்கற் கொடுத்தார். நகரத்துக்கு வெளியே ஒரு சின்னப் பந்தயத்திடல். கோடைச் சனிக்கிழமை மத்தியானம். செல்வத்தின் பழைய காரில், மடியில் ஒரு பெட்டி மீன் ரோல்ஸோடு போனோம். மஞ்சள்கொடியார் கல்யாணத்துக்குப் போகிறவர் போல வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார்.

அந்தப் பந்தயத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். கடைசிச் சுற்று. முன்னால் போன இரண்டு கார்களும் ஒன்றோடொன்று கொழுவிச் சுவரில் மோதின. எங்கேயோ பின்னால் கிடந்த ஒரு கார், முன்மூடி கழன்று விழுந்து பொனற்றே இல்லாமல் புகை கக்கிக்கொண்டு வந்த கார், பக்கவாட்டில் வழுக்கியபடியே கோட்டைத் தாண்டியது. நாங்கள் எழும்பித் துள்ளியதில் ரோல்ஸ் முழுக்கத் தரையில்.

திரும்பி வரும்போதே தொடங்கிவிட்டது.

"அந்தச் சிவப்புக் காருக்கு நல்ல நெஞ்சுரம்" என்றார் அவர்.

"அண்ணை, அது நீலம்" என்றேன் நான்.

செல்வம் அது வெள்ளை, புழுதி பிடித்திருந்தது என்றான். ரஞ்சன் கடைசிச் சுற்று முழுக்க ரோல்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தவன்; அவனும் விடாமல் கறுப்பு என்றான்.

அதன் பிறகு ஞாயிறு தோறும் சாப்பாட்டோடு அவர் விசாரணை வைப்பார்; ஒருவரை ஒருவர் குறுக்குக்கேள்வி கேட்போம். "போன கிழமை கார் பின்பக்கமாப் போச்சுது எண்டனீர். இண்டைக்குப் பக்கவாட்டில எண்டுறீர். எது உண்மை?" யாருடைய கதை மாறுகிறதோ அவர்தான் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதிகம் கழுவியவர் அவர்தான். ஒரு கிழமை வெயில் என்பார், மறுகிழமை தூறல் என்பார்.

"ஒரு சொல்லும் மாத்தக்கூடாது எண்டுதான் தம்பி இருந்தனான். அது தன்பாட்டில மாறுது" என்று ஒருநாள் சட்டியைத் தேய்த்தபடி சொன்னார். நான் கைகொட்டிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவருடைய அகதி வழக்குக்கு நாள் குறித்திருந்தார்கள். எத்தனை தரம் கேட்டாலும் ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும் என்று லோயர் சொல்லியிருந்தார். தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனைவியும் சின்ன மகளும் கொழும்பில் ஒரு அறையில் இவர் கூப்பிடுவாரென்று காத்திருந்தார்கள். மனிதர் ஒரே மாதிரிச் சொல்ல எங்களை வைத்துப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார்.

விசாரணைக்குத் துணையாக நான் போனேன். அனுமதி கேட்டுப் பின்கதிரையில் இருந்தேன். வழக்கைத் தீர்மானிக்கிற, கண்ணாடி போட்ட ஒரு அம்மையார் கேட்கக் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"உங்கட தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போன லொறி பச்சை எண்டு படிவத்தில இருக்கு. இப்ப மண்நிறம் எண்டுறியள். எது சரி?"

மஞ்சள்கொடியார் சட்டைப்பைக்குள் கையை விட்டு, மடித்து வைத்திருந்த அந்த மஞ்சள் துணியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மேடம், நாங்கள் நாலு பேர் ஒரு வாங்கில இருந்து கார் ரேஸ் பாத்தனாங்கள். எங்களை ஒருத்தரும் அடிக்கேல்லை. ரோல்ஸ் திண்டுகொண்டு பாத்தனாங்கள். வெண்ட கார் என்ன நிறமெண்டு இண்டைவரைக்கும் எங்களுக்குள்ள சண்டை. அண்டைக்கு நான் வேலிக்கரையில, முகம் மண்ணுக்குள்ள, குப்புறக் கிடந்தனான். லொறியின்ர நிறம் எனக்கு வடிவாத் தெரியாது. உள்ளுக்கு இருந்தது என்ர தம்பி. அது தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மையார் பேனையைக் கீழே வைத்தார்.

திரும்பி வரும் பஸ்சில் அவர் மஞ்சள் துணியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, "தம்பி, அது நீலமாயும் இருந்திருக்கலாம்" என்றார். இரண்டு வருடம் விட்டுக்கொடுக்காத மனிதர். வென்ற சந்தோசம் எனக்குத் துளியும் வரவில்லை.

சில கிழமைகளில் கடிதம் வந்தது. வழக்கை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் அதை என்னிடம் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். மூன்று தரமும் ஒரே மாதிரித்தான் இருந்தது. பிறகு மனைவியும் மகளும் வந்தார்கள். பக்கத்து மார்க்கம் நகரில் வீடு வாங்கினார். கார் ஓட்டவும் பழகினார். பந்தயப் பித்தர் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். வாழ்நாள் முழுக்க மஞ்சள் கொடிக்குக் கீழேயே ஓட்டுகிறவர் மாதிரி ஊர்வார்.

ஒருமுறை அங்கே சாப்பிடப் போயிருந்தபோது மகள் என்னை மடக்கினாள். "அங்கிள், சீரியஸ்லி, அந்தக் கார் என்ன கலர்? அப்பா சொல்ற ஸ்ரோரி ஒவ்வொருக்காலும் சேஞ்ச் ஆகுது!"

அவர் தோளில் துணியோடு கறிச்சட்டியைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

என் கண்ணுக்குள் அந்தக் கார் இன்றைக்கும் நீலமாகத்தான் ஓடுகிறது.

"சிவப்பு மகள்" என்றேன். "அப்பா சொன்னதுதான் சரி."