வெற்றிலையில் தெரிந்த சர்க்கார் ரகசியம்

தாராவித் தமிழர்களே, சர்க்கார் கோப்புகள் இனி வெற்றிலையில் தெரியும்! குடிசைகளை இடித்துக் கட்டும் புது அடுக்குமாடியில் யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்ற 'ரகசியப் பட்டியலை' மை தடவிய வெற்றிலையில் பார்த்துச் சொல்கிறார் தங்கசாமி சுவாமிகள். வீட்டு நம்பரைச் சொன்னால் போதும். சுவாமி திரைக்குப் பின்னால் போவார், மை தடவுவார், பத்து நிமிடத்தில் வந்து குடும்பத் தலைவரின் பெயர் முதற்கொண்டு சொல்லிவிடுவார். கூட்டமென்றால் கூட்டம்! சந்துக்குள் வந்த ஆட்டோ வந்த வழியே திரும்பியது. அங்கே புத்தியுள்ள ஜீவன் அது ஒன்றுதான்.

எல்லாம் ராஜகுமாரின் யூடியூப் செய்தி சேனல் செய்த புண்ணியம். 'நூற்றுக்கு நூறு பலிக்கிறது' என்று தினமும் நேரலை. நூறை யார் எண்ணிப் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அவருடைய நிருபர் இசக்கிசெல்வி மட்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பட்டியலின் நகலையே வாங்கிவிட்டாள். ரகசியமாவது, மண்ணாங்கட்டியாவது! சர்வே ஆபீஸ் மாடிப்படிச் சுவரில் இருபது நாளாக அது ஒட்டிக் கிடக்கிறது, மராத்தியில்.

அதில் ஒரு தப்பு. 417ஆம் நம்பர், மதீனா பீவி, 'இறந்தவர், வாரிசு இல்லை'. அந்த மதீனா பீவியோ எட்டுச் சந்து தள்ளி மெஷினில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். ஆட்சேபம் கொடுக்க மறுநாள் கடைசி. தவறினால் வீடு போச்சு.

"இதச் செய்தியாப் போடுவோம் சார்."

"சாமிதான்ளா நமக்கு ஸ்பான்சர். வேல வேணும்னா சும்மா கெட," என்றார் ராஜகுமார். பத்திரிகைச் சுதந்திரம் அத்தோடு முடிந்தது.

இசக்கிசெல்வி மதீனா பீவியை நேரலைக்கே அனுப்பினாள். பேர் சொல்லாதே, நம்பரை மட்டும் சொல் என்றாள்.

"417, சாமி."

பத்து நிமிடம் கழித்து சுவாமி கண்ணீரோடு வந்தார். "அந்த வீட்டு மதீனா பீவி போய்ச் சேந்துட்டா தாயி. ஆவி வாசல்லயே நிக்கி. சாந்தி பூஜ பண்ணணும்."

"பாக்க எப்படி இருக்கா சாமி?"

"மையில பளிச்சுனு தெரியுதே. ஒல்லியா, ஒசரமா..."

குட்டையாகவும் குண்டாகவும் இருந்தவள் எழுந்தாள். "நாந்தாம்வே மதீனா பீவி! இந்தா ஆதார் கார்டு. என்னய மௌத்தாக்குனது யாருவே?"

கூட்டம் யோசித்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? "ஐயோ ஆவி! பாகோ, பாகோ!" என்று பாதி ஓடியது. மீதி, குனிந்து அவளுக்குக் கால் இருக்கிறதா என்று தேடியது. கால் இருந்தது. செருப்பும் இருந்தது, அது உடனே கைக்கு வந்தது.

இசக்கிசெல்வி திரையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ஒரு செல்போன், அதில் மாடிப்படிச் சுவரின் போட்டோ. தன் கையிலிருந்த நகலைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். 417க்கு நேரே அதே தப்பு.

"ஆபீஸ்காரன் எழுதுன தப்பு ஒம்ம மையில எப்படிவே வந்துச்சு?"

சுவாமியின் ஒரே சித்து, மராத்தி வாசிக்கத் தெரிந்ததுதான்! ராஜகுமார் கேமராவை அணைக்க மறந்து நின்றார். அவர் சேனலில் வந்த முதல் உண்மைச் செய்தி அதுதான்.

அன்று மாலையே மதீனா பீவி ஆட்சேப மனுக் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூட்டம் அங்கேயும் வந்திருந்தது, மாலையோடு, இசக்கிசெல்விக்காக.

"எங்க நம்பரையும் ஞானத்துல பாத்துச் சொல்லுங்கம்மா!"

"ஞானமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எழுதிக் கேட்டேன், குடுத்தாங்க. நீங்களும் கேளுங்க!" என்று கத்தினாள் அவள்.

மதீனா பீவியைச் சாகடித்த குமாஸ்தாவின் தப்பை ஒரு மனுவில் திருத்திவிடலாம். உயிரோடு இருந்தும் ஒரு கேள்வி கேட்காதவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?