உமிக்கு வேலி கட்டிய பனி அண்ணாச்சி

தென்காசிப் பக்கத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களை எண்ணி மாளாது. ஆனால் பனிமலையில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கி, ரயிலேறிச் சொந்த ஊரில் வந்து இறங்கிய பிறகும் பனியை விட்டு இறங்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் பக்கத்து வீட்டுக்காரர். நான் மாற்றலாகி அந்த அரிசி மில் தெருவுக்குக் குடிபோன அன்றே, பால்காரர் எச்சரித்துவிட்டார். "பனி அண்ணாச்சிகிட்ட காத்தைப் பத்தி மட்டும் பேச்சு குடுத்திராதீங்க சார். பால் திரிஞ்சு போவும், அவர் முடிக்க மாட்டாரு."

நான் பேச்சுக் கொடுக்கவில்லை. அவர்தான் கொடுத்தார். மற்றவர்கள் எதிரே பார்த்தால் "சாப்பிட்டாச்சா?" என்பார்கள். இவர் "காத்து எப்படி?" என்பார். "நல்லாருக்கு அண்ணாச்சி" என்று நழுவ முடியாது. "நல்லாருக்குன்னா? நேரா வருதா, சுருண்டு வருதா?" என்று வழியை மறித்துக்கொள்வார்.

மலைமேல் ரோட்டைப் பனி மூடாமல் காப்பது அவருடைய உத்தியோகமாக இருந்தது. பனி வானத்திலிருந்து விழுகிற சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதிக் கதைதானாம். விழுந்த பனியைக் காற்று மறுபடியும் கிளப்பிக்கொண்டு போவதுதான் மீதிக் கதை.

"மூணு விதமாப் போவும், கேட்டுக்கிடுங்க. தரையோட உருளும். அப்புறம் துள்ளும். காத்து கிறுக்குப் பிடிச்சுதுன்னா பறக்கும். சீராப் போற காத்து பெருசா ஒண்ணும் செய்யாது. நடுவுல ஒரு வெட்டு வெட்டும் பாருங்க, அதுதான் தூக்கும். எங்கன அசருதோ அங்கன போட்டுட்டுப் போயிரும்."

இதைச் சொல்லிக்காட்டினால் போதாதா? செய்துகாட்டுவார். தெரு முனை மன்றத்தில் கேரம் ஆட்டம் இறுதிக் கட்டத்தில் இருக்கும். குனிந்து போர்டின்மேல் ஊதுவார். "பாத்தீங்களா, காயினுக்கு முன்னால பவுடர் இல்லே. பின்னால வால் மாதிரி நிக்குது." சிவப்புக் காயினுக்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தவர் அவருக்குக் குறி பார்ப்பார்.

குற்றால சீசனில் ஒரு தடவை அவரை அழைத்துப் போய்ப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன மனிதர், பாறைக்குப் பின்னால் சாரல் சுழல்வதைப் பார்த்தாரோ இல்லையோ, அப்படியே நின்றுவிட்டார். "தண்ணியா இருந்தா என்ன, பனியா இருந்தா என்ன, காத்துக்கு ஒரே புத்திதான்" என்றார். கடைசியில் குளிக்காமலே திரும்பினோம். பஸ்ஸில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸீட்டிலிருந்து வழுக்கி என் மடியில் வந்து விழுந்தார்.

எதிர்வீட்டு மைமூன் அக்கா மொட்டைமாடியில் அரிசி மாவு காயப்போட்டால் அங்கேயும் ஆஜர். மாவின் நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் காற்றுக்குக் காத்திருப்பார். "அண்ணாச்சி, மாவை விட்டு எந்திரிங்க. இல்லேன்னா உங்களையும் உரல்ல போட்டு இடிச்சிருவேன்" என்பார் அக்கா. இந்த அக்காவுக்குத்தான் அந்த ஆனி மாதம் சோதனை வந்தது.

மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை துபாயிலிருந்து சொற்ப லீவில் வந்திருந்தார். தேதியை நகர்த்த முடியாது. விருந்துச் சமையலுக்குத் தெருவில் இருந்தது ஒரே ஒரு காலி மனை. அதற்கு மேற்கே பனி அண்ணாச்சியின் வீட்டு முற்றம். அதற்கும் மேற்கே மில்லின் உமி மலை. ஆனிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்தால் முதலில் தொடுவது அந்த உமியைத்தான். அதன்மேல் போட்ட தார்ப்பாயைக் காற்று உருவிக்கொண்டு போய் கரண்ட் கம்பியில் தொங்கவிட்டு, தெரு முழுக்க இருட்டானதுதான் மிச்சம்.

"தகரம் அடிச்சிருவோம்" என்றார்கள் தெருக்காரர்கள். காலி மனையின் மேற்கு ஓரத்தில் ஆள் உயரத்துக்கு இடைவெளியே இல்லாமல் தகரம் நின்றது.

"அந்தச் சவத்துத் தகரத்தைப் பிடுங்கிப் போடுங்க" என்றார் பனி அண்ணாச்சி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு வெட்டு வெட்டியது. உமி தகரத்தின்மேல் ஏறி, அந்தப் பக்கம் குட்டிக்கரணம் அடித்து, கழுவி வைத்திருந்த பிரியாணி அண்டாக்களுக்குள் குடியேறியது. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இந்த இடத்துல நான் அடுப்புப் பத்த வைக்க மாட்டேன்."

மைமூன் அக்கா நேராகப் பனி அண்ணாச்சியின் வீட்டு வாசலுக்கு வந்தார். அவர் குரல் உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "வாப்பா இல்லாத பிள்ளை அண்ணாச்சி. சோத்துல உமி கிடந்தா, கேக்க நாதியில்லாத வீடுன்னுதான சம்பந்தி வீட்டுல சொல்லுவாங்க?"

"நீ போய்ப் பிள்ளையைக் கவனி. உமியை நான் பாத்துக்கிடுதேன்."

அன்று ராத்திரியே மூங்கில் தப்பைகளை வாங்கிவந்து, தன் முற்றத்தின் மேற்கு எல்லையில் வேலி கட்டினார். தப்பைக்கும் தப்பைக்கும் நடுவே கை நுழைகிற சந்து. பார்த்தவர்கள் சிரித்தார்கள். "என்னவே அண்ணாச்சி, உமி நுழைய வாசல் வச்சுக் கட்டுதீரு?"

"காத்தை மறிச்சா அது ஏறிக் குதிக்கும். விட்டுப் பிடிக்கணும்வே. சந்துல நுழைஞ்சு நுழைஞ்சு களைச்சுப் போவும். களைச்சவன் கையில உள்ளதைக் கீழே வச்சிருவான்லா."

மறுநாள் காற்று பேயாய் அடித்தது. காலி மனையில் அடுப்பு எரிந்தது, தம் போட்டார்கள், அண்டா திறந்தார்கள். என்னமோ கொஞ்சம் தூசி பறந்தது, அவ்வளவுதான். சம்பந்தி வீட்டார் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா "சாப்பாடுன்னா இது சாப்பாடு" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மைமூன் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அண்ணாச்சியைப் பந்தியில் காணோம். அக்கா ஒரு தூக்குவாளி நிறையப் பிரியாணி எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கேட்டைத் தள்ளினோம், திறக்கவில்லை. உள்ளே முற்றம் முழுக்க உமி முழங்கால் உயரம்.

அந்த முற்றம் சாதாரண முற்றம் இல்லை. பட்டாள முகாம் மாதிரி ஓரமெல்லாம் வெள்ளையடித்த கல். ஒரு வேப்பிலை விழுந்தாலும் அது எந்தக் காற்றில் வந்தது என்று விசாரணை நடக்கிற இடம். இப்போது கல்லையும் காணோம், செவந்திச் செடிகளையும் காணோம். ஸ்கூட்டர் நின்ற மூலையில் உமி குவிந்து, அதன் கண்ணாடி மட்டும் தெரிந்தது. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மனிதர் உட்கார்ந்திருந்தார், தலையெல்லாம் உமி.

"அண்ணாச்சி, எல்லாம் இங்கன வந்து விழும்னு தெரியாமலா கட்டுனீங்க?" என்றார் அக்கா பதறிப்போய்.

"தெரியாமலா? வேலி கட்டுதவனுக்கு எங்கன விழும்னு தெரிய வேண்டாமா? அங்கன விழக்கூடாதுன்னா, எங்கனயாவது விழணும்லா" என்றவர், உமியில் நடந்து வந்து கேட்டுக்கு மேலாக வாளியை வாங்கித் திறந்து மோந்து பார்த்தார். "உன் மாவைக் கெடுத்ததுக்கும் இந்த உமிக்கும் சரியாப் போச்சு, தங்கச்சி."

அக்கா அழுதுகொண்டே சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் கேட்டில் ஏறிக் குதித்து, அவரோடு அந்த உமியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது நான் சென்னையில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறேன். ஆனி பிறந்தால் அவரிடமிருந்து போன் வந்துவிடும். சௌக்கியமா, பிள்ளைகள் எப்படி, ஒன்றும் கிடையாது. "காத்து எப்படி?" என்றுதான் கேட்பார். எங்கள் சந்தில் காற்று என்று ஒன்று வருவதே இல்லை. ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குப் பதில் சொல்கிறேன்.