நடுக்கம் நீக்கிய நிறுவனம்

ஓடுகிற லாரியின் நடுக்கத்தை ஸ்பேனர் தொடாமல், கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதியே நிறுத்தலாம் என்று உலகத்துக்குக் காட்டியவர்கள் நார்த்தாமலைப் பக்கத்து ஆட்கள். ஜப்பான்காரன் ரயில் விட்டான், அமெரிக்காக்காரன் ராக்கெட் விட்டான். இந்த யோசனை அவன்களில் ஒருத்தனுக்கும் வரவில்லை. வந்தது ‘பசுங்கதிர் உழவர் உற்பத்தியாளர் நிறுவன’த்துக்கு.

அந்த நிறுவனத்துக்கு ஒரு தலைவர், நாலு இயக்குநர்கள், ஒரு தலைமைச் செயல் அலுவலர், ஒரு ஏசி அறை, ஒரு லாரி. லாரியை ஓட்ட ஆண்டியப்பன். சுத்துப்பட்டு விவசாயிகளின் தக்காளியைத் திருச்சி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பாடு. லாரிக்கு வயசாகிவிட்டது. ஆண்டியப்பனுக்கும்தான். ரெண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆண்டியப்பன் யாரையும் நம்ப மாட்டார். டீசல் பங்கில் மீட்டரை நம்பாமல் டேங்குக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார். சர்க்கரை போட்டாச்சு என்று டீக்கடைக்காரர் சொன்னால் கலக்கிக் காட்டச் சொல்வார். பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்ச நாள் போனவர், வாத்தியார் போட்ட கணக்கில் நம்பிக்கை வராமல் நின்றுகொண்டார்.

ஆயுத பூஜை முடிந்து முதல் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஊர் ரோட்டில் லாரி நல்ல பிள்ளையாகத்தான் வந்தது. ஹைவேயில் ஏறி வேகம் ஐம்பதைத் தாண்டும் வரைக்கும் ஒன்றுமில்லை. அறுபதைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் யாரோ கிரைண்டரைப் போட்டுவிட்ட மாதிரி ஒரு உலுக்கல். எழுபதில், கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் ரெண்டாகத் தெரிந்தது. மார்க்கெட்டில் பெட்டியை இறக்கினால் பாதித் தக்காளி ரசமாகிக் கிடந்தது. கமிஷன் கடைக்காரர் பார்த்துவிட்டு, அடுத்த தடவை உப்பும் புளியும் போட்டே அனுப்பச் சொன்னார்.

மெதுவாகப் போகலாமே என்றால், ஏலம் முடிந்து வியாபாரிகள் கலைந்த பிறகு தக்காளியைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

ஆண்டியப்பனுக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. பழைய டயருக்கு ரப்பர் ஒட்டிக் கொடுத்தவன் ஏமாற்றிவிட்டான். கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். அங்கிட்டு இருந்த சக்கரத்தை இங்கிட்டு மாற்றிப் போட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டரில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்கள். டயர் சரியாகத்தான் இருக்கிறது என்றது கம்ப்யூட்டர். கடைக்காரனோடு அதுவும் கூட்டு என்று முடிவு கட்டினார். கடைசியில் டயரையே மாற்றினார். நடுக்கம் அப்படியே இருந்தது. டயர்க்காரனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனதுதான் மிச்சம்.

பிறகுதான் விஷயம் நிறுவனத்துக்குப் போனது. போன வேகத்தில் ‘அதிர்வு ஆய்வுக் கூட்டம்’ கூட்டப்பட்டது. கீழே நின்ற லாரியை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் ஆய்வு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுமாம்.

தலைவர் வயிரவன் சென்னையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிறந்த மண்ணுக்குத் ‘திருப்பிக் கொடுக்க’ வந்திருந்தார். மண் கேட்காமலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். தலைமைச் செயல் அலுவலர் சரண்யா, படித்து முடித்துவிட்டு நேராக இங்கே வந்த பெண். மடிக்கணினியைத் திறந்து சுவரில் வட்டப்படம் ஒன்றைக் காட்டியது. வட்டம் முழுக்கச் சிவப்பு.

“நடுக்கம்னு வந்த கம்ப்ளைண்ட் எல்லாமே ஒரே டிரைவர்கிட்டேருந்துதான் சார். நூறு பெர்சென்ட்.”

“மத்த டிரைவர்ங்க?”

“வேற டிரைவரே இல்ல சார்.”

“அப்ப உறுதியாயிருச்சு” என்றார் வயிரவன்.

நடுக்கம் லாரியில் இல்லை, ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது என்று கூட்டம் கண்டுபிடித்தது. அதற்கு ‘மனிதக் காரணி’ என்று பெயரும் வைத்தது. வாசலோரம் நின்ற ஆண்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை.

“ஐயா, எங்கையி நடுங்கினா ஸ்டீயரிங்குல்ல ஆடணும். அது கம்முனு இருக்கு. ஆடுறது சீட்டு.”

இயக்குநர் சண்முகம் கவலையோடு திரும்பினார். “அப்ப நடுக்கம் ஒங்களுக்குக் கையில இல்லையாண்ணே?”

‘நடுக்கம் ஓட்டுநரின் உடலில் உள்ளது. எந்த இடம் என்பது பின்னர் முடிவு செய்யப்படும்’ என்று குறிப்பில் ஏறியது.

டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். கை கல்லு மாதிரி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். வயிரவன் அதைப் படித்துவிட்டு, டாக்டர் ஹைவேயில் அறுபதில் போகும்போது பார்த்தாரா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பெரிய வேலை பார்த்தவர் என்றால் சும்மாவா.

தலைவரின் அக்கா மகன் கோபிநாத் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கொஞ்ச நாளாகவே ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். லாரி ஓட்டும் லைசென்ஸும் வைத்திருந்தான். அவன் ஓட்டி நடுக்கம் வராவிட்டால் லாரி அவனுக்கு. ஆண்டியப்பன் குடோனில் காலிச் சாக்குக்குக் காவல் என்று முடிவானது. அதுவரை சாவியை மேசையில் வைக்கச் சொன்னார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவர் சம்சாரம் சின்னப்பிள்ளைக்கு முகம் வெளிறிவிட்டது. குடோன் வேலை என்றால் சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுவார். வந்தால் அரிசிப் பானையை அளப்பார், சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பார், கொழம்பில் எத்தனை தேங்காய் என்பார்.

“நீங்க லாரியோட இருக்கிறதுன்னா இருங்க. இல்லாட்டி நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன்” என்றது.

ஆண்டியப்பன் அதை மட்டும் நம்பினார்.

சோதனை ஓட்டத்துக்கு இயக்குநர் குழுவே திரண்டு வந்தது. தக்காளியும் ஏற்றியாகிவிட்டது. கேபினில் கோபிநாத், தலைவர், ரெண்டு இயக்குநர்கள், குறிப்பெடுக்கச் சரண்யா, கதவோரம் ஆண்டியப்பன். மீதி ரெண்டு பேர் பின்னால் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ‘சரக்குப் பிரிவு’.

ஹைவேயில் ஏறிக் கோபிநாத் அறுபதைத் தொட்டான். லாரி தன் கடமையைச் செய்தது.

“எ-எப்படி இ-இருக்கு?” என்றார் வயிரவன். மூக்குக்கண்ணாடி உதட்டுக்கு இறங்கியிருந்தது.

“அ-அருமை சார்” என்றார் சண்முகம்.

“ரோ-ரோடு கொஞ்சம் சு-சுறுசுறுப்பா இருக்கு. நோட் பண்ணிக்கம்மா, அ-அதிர்வு இல்ல.”

சரண்யா எழுதத்தான் பார்த்தது. பேனா தானாக நார்த்தாமலையின் குன்றுகளை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டு போனது.

“ஆ-ஆண்டியண்ணே, ஒ-ஒங்களுக்கு ஏதும் தெ-தெரியுதா?” என்றார் வயிரவன்.

ஆண்டியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். “நான் நடுங்குற ஆளுங்கய்யா. எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லுங்க.”

கோபிநாத் மாமாவை மகிழ்விக்க எழுபதுக்குப் போனான். அடியில் டமார் என்று ஒரு சத்தம். எதுவோ இரும்பு ரோட்டில் உரசி அலறியது. அவன் அடித்த பிரேக்கில் கறுப்புக் கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. வண்டி ஓரமாக நின்றது. ‘சரக்குப் பிரிவு’ பின்னாலிருந்து தலை முதல் கால் வரை சிவப்பாக இறங்கி வந்ததைப் பார்த்து, பைக்கில் போன ஒருத்தர் நூற்றெட்டுக்குப் போன் போட்டுவிட்டார். தக்காளி என்று நம்பவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆண்டியப்பனுக்கு அந்த பைக்குக்காரரைப் பிடித்துப்போயிற்று.

கீரனூரிலிருந்து அன்புமொழி என்ற மெக்கானிக் வந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுப்பிய கோபம் முகத்தில் இருந்தது. லாரிக்கு அடியில் பாதி உடம்பை விட்டார். இன்ஜின் சுற்றுவதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய், அதுதான் ஷாப்ட், அதைத் தாங்கிப் பிடிக்கிற பிராக்கெட் உடைந்து தொங்கியது. உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்.

“ஷாப்ட்டு மேல சின்னத் தகடு ஒண்ணு ஒட்டியிருக்குமே, எங்க காணோம்?”

வயிரவன் குனிந்து, பெருமையாகச் சொன்னார். “அந்த அசிங்கமா? நாந்தாம்ப்பா எடுக்கச் சொன்னேன்.”

சொன்னது உண்மை. ஆயுத பூஜையன்று லாரி முழுக்க ஒரே பச்சையாக அடித்து, ஒரு பாகம் விடாமல் சந்தனப் பொட்டு வைக்க வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. ஷாப்ட்டுக்குப் பொட்டு வைக்க அவரே அடியில் படுத்தார். அங்கே கட்டி மாதிரி ஒரு தகடு. லாரியை விற்றவன் ஒட்டுப் போட்ட ஷாப்ட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கொதித்தார். பசுங்கதிரின் கௌரவத்துக்கு ஒட்டு ஆகாது என்று நாலு இயக்குநர்களும் சொன்னார்கள். இரும்பு அறுக்கிற கிரைண்டர் வந்தது, தகடு போனது. அந்த இடத்தில் பச்சை அடித்து, பெரிதாக ஒரு பொட்டும் வைத்தார்கள். எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆண்டியப்பன் அந்த நேரம் பார்த்துப் பொரிகடலைப் பங்கை முறைத்துக்கொண்டிருந்தார்.

அன்புமொழி வெளியே வந்து கையைத் துடைத்தார். “அது பேலன்ஸ் வெயிட்டு சார். குழாயில ஒரு பக்கம் கனம் கொறஞ்சா, அந்தப் பக்கம் ஈடா ஒட்டி விடுறது. அதை எடுத்துட்டா, சுத்துற வேகத்துல வண்டிய உலுக்காம என்ன செய்யும்?”

நாலு இயக்குநர்களும் தலைவர் பக்கம் திரும்பினார்கள்.

“பொட்டு வச்சதுக்கு அப்புறமுமா?” என்று கேட்டார் வயிரவன்.

ஷாப்ட்டைக் கழற்றித் திருச்சிக்கு அனுப்பினார்கள். மெஷினில் சுற்றிப் பார்த்து, கனம் குறைந்த பக்கம் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். பிராக்கெட்டையும் மாற்றியாயிற்று. பட்டறையிலிருந்து வண்டியைக் கொண்டுவரக் கோபிநாத் கிடைக்கவில்லை. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று அவனுக்குத் திடீரென்று ஞானம் பிறந்திருந்தது. ஆகவே ‘தற்காலிகமாக’ ஆண்டியப்பன் போனார். எல்லாம் சரியாகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னதை நம்பாமல், தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீயை முன்னால் வைத்துக்கொண்டு எண்பது வரைக்கும் போய்ப் பார்த்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்படியும் டம்ளர் ஆழமோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தார்.

மறுநாள் ‘நிறைவுக் கூட்டம்’. லட்டு கொடுத்தார்கள். சரண்யா தலையை நிமிர்த்தாமல் தீர்மானத்தை வாசித்தது. ஓட்டுநர் ஆண்டியப்பனுக்கு இருந்து வந்த நடுக்கம், இயக்குநர் குழுவின் விடாமுயற்சியால் முற்றிலும் குணமாகிவிட்டது. எனவே லாரியின் சாவி அவரிடமே திரும்ப அளிக்கப்படுகிறது. திருச்சியில் ஆன செலவு ‘ஓட்டுநர் மருத்துவச் செலவு’ என்ற தலைப்பில் எழுதிக்கொள்ளப்படும். லாரியில் எந்தக் குறையும் எப்போதும் இருந்ததில்லை.

“அப்ப எனக்குத்தான் திருச்சியில வெல்டிங் வச்சீங்களாக்கும்” என்றார் ஆண்டியப்பன்.

“சாவி வேணுமா, பேச்சு வேணுமாண்ணே?” என்றார் வயிரவன், சிரித்த முகமாகவே.

ஆண்டியப்பன் சாவியை எடுத்துக்கொண்டார். ஆனால் உடனே கிளம்பவில்லை. மேசையோரம் நின்று, தாள் கைமாறிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழவனின் கை தக்காளி லோடோடு ஒரு லாரியையே உலுக்கியது என்று எழுதிய தாள். தலைவர் கையெழுத்துப் போட்டார், நாலு இயக்குநர்களும் போட்டார்கள். ஆண்டியப்பன் ஒவ்வொரு கையாக உற்றுப் பார்த்தார்.

ஒரு கைகூட நடுங்கவில்லை.